ஒரே பேஸ்

காலையிலேயே ஜீப் வந்துவிட்டது. கரண்ட்டு ஆபீஸ் ஜே.ஈ. சாப் கீழே இறங்கக்கூட இல்லை. தலையை வெளியே நீட்டிப் பாக்குச் சாற்றைத் துப்பிவிட்டு, "பிக்சர் சீதா ஹோகா, தும் ஜாயேகா. நஹி ஹோகா, நஹி ஜாயேகா" என்றார்.

படம் நேராக நின்றால் நீ கப்பலேறலாம், நிற்காவிட்டால் கிடையாது. போர்ட் பிளேயரில் இத்தனை வருசம் குப்பை கொட்டிய வயர்மேன் அடைக்கலசாமிக்கு அந்த இந்தி புரியாமல் இருக்குமா? "அச்சா சாப்" என்று தலையை ஆட்டினான். உள்ளே டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அவன் பெண்சாதி அமுதத்துக்கும் புரிந்துவிட்டது. கயிற்றைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஏழாம் மாசம். இதற்கு முன்னால் இரண்டு பெற்றாள். இரண்டும் இந்தத் தீவில்தான். இரண்டும் வாய் திறந்து அழாமலே போய்விட்டன. இந்தத் தடவை வயிற்றில் தங்கியது என்று தெரிந்த நாளிலிருந்தே ஒரே பிடிவாதம்: தூத்துக்குடிக்குப் போய் அம்மை பக்கத்தில் இருந்து, பெரியாஸ்பத்திரியில்தான் பெறுவேன். லீவு, பாஸ் என்று அடைக்கலசாமி நடையாய் நடந்து எல்லாம் கூடி வந்தது. இன்றைக்குச் சாயங்காலம் சாத்தம் ஜெட்டியிலிருந்து மெட்ராஸ் கப்பல். இதை விட்டால் அடுத்த கப்பலுக்கு ஒரு மாசம் ஆகும். எட்டு மாசக்காரியைக் கப்பல் டாக்டர் ஏற்றவே மாட்டார். தனியாகவும் விடமாட்டார்கள். "ஆத்மி சாத் மே ஹோனா" என்று டாக்டர் அப்போதே விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார். புருசன் கூட வந்தால் ஏறலாம், இல்லையென்றால் இங்கேயே கிட.

"நா என்னளா செய்யட்டும்? உதயசூரியன் இருந்தா அவன் தலையில கட்டிட்டு வந்துருவேன். அவன் ஜெனரேட்டரத் தூக்கிட்டு ஹேவ்லாக் தீவுக்குப் போயிட்டான். இருக்க வயர்மேன் நா ஒருத்தன்தான்" என்றான் அடைக்கலசாமி.

"இந்தத் தீவுல படம் பாக்காம யாரு செத்தா?"

"எங்கிட்டச் சொல்லுத. டில்லிக்காரங்கிட்டச் சொல்லு."

மறுநாள் டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து பொருட்காட்சியைத் திறக்கப் போகிறார். அதற்கு மெயின்லேண்டிலிருந்து ஒரு கம்பெனி டி.வி. கொண்டுவந்திருந்தது. எழுபத்து நாலோ ஐந்தோ, அப்போது தீவில் டி.வி. என்ற சாமானை யார் கண்டார்கள்? மைதானத்தில் மூன்று மரப் பரண் மேல் மூன்று கேமரா, கீழே நாலு டி.வி. பெட்டி. மேடையில் அதிகாரி பேசுவதை ஒரு கேமரா காட்டும், ஜனங்களை ஒன்று, சரிவுக்குக் கீழே தெரியும் துறைமுகத்தை ஒன்று. அதெல்லாம் அப்போதைக்கப்போதே பெட்டிகளில் தெரியும். சாமான் எல்லாம் பழசு. பம்பாயில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் காவலுக்கு வைத்திருந்து கழித்துக் கட்டியதை ஏலத்தில் எடுத்துப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். தீவுக்கு இது போதும் என்று யாரோ மகராசன் நினைத்திருப்பான். பெட்டிமேல் பழைய கம்பெனிப் பெயர் இன்னும் பாதி தெரிந்தது.

வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அமுதமும் கிளம்பிவிட்டாள். டிரங்கையும் பாயையும் பக்கத்து வீட்டுச் சந்திரமதி பொறுப்பில் விட்டாள். சந்திரமதி புருசனுக்குச் சாத்தம் மரமில்லில் வேலை. மில் லாரியிலேயே பெட்டியை ஏற்றிக்கொண்டு ஜெட்டிக்குப் போய் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள் அவள். "நீ உன் ஆளக் கையோட இழுத்துட்டு வா. ஏணியத் தூக்குறதுக்குள்ள வந்துரணும், சொல்லிப்புட்டேன்."

கப்பலுக்கென்று கட்டிய புளிச்சோற்றையும் சூரைக் கருவாட்டையும் தூக்கிக்கொண்டு அமுதம் மைதானத்துக்கு நடந்தாள். மழை வரப்போகிற புழுக்கம். மணல் பூச்சி காலைப் பிடுங்கியது. படாக் மரத்தூணும் தகரமுமாகக் கடைகள் எழும்பிக்கொண்டிருந்தன. காண்ட்ராக்டர் பழனிசாமி ராஞ்சிக் கூலியாட்களை விரட்டிக்கொண்டிருந்தார். "அரே ஜல்தி கரோ, நாளைக்குத் தொறப்பு விழாவா, அடுத்த வருசமா?" மதுரைக்காரர், வாயைத் திறந்தால் பாதி இந்தி, பாதி ஊர்ப் பேச்சு.

டி.வி. பெட்டிக்கு முன்னால் மெட்ராஸ் இன்ஜினியர் கிருஷ்ணமூர்த்தி வியர்வையில் குளித்துக்கொண்டு நின்றார். கையில் வரிசையாகப் பொத்தான் வைத்த ஒரு பெட்டி. ஒன்றை அமுக்கினால் மேடை தெரிந்தது. அடுத்ததை அமுக்கினால் படம் அப்படியே மேலிருந்து கீழே உருண்டது. உருண்டு உருண்டு, கொஞ்ச நேரம் கழித்து மைதானமாக நின்றது. மூன்றாவதை அமுக்கினால் மறுபடி உருட்டல். அமுதம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், ஏன் சார் இப்படிப் பொரளுது?" என்று அடைக்கலசாமி கேட்டான்.

"மூணு கேமராவும் ஒரே தாளத்துல படம் போடணும்ப்பா. ஒன்னு மேல இருக்கும்போது இன்னொன்னு நடுவுல இருந்தா டி.வி. திண்டாடிப் போயிடும். மூணுக்கும் தாளம் போட்டுக் குடுக்கறதுக்குன்னே ஒரு பெட்டி உண்டு. கப்பல்ல உப்புத் தண்ணி பூந்து அது செத்துப் போச்சு."

"அப்பம் இது நிக்கவே நிக்காதா?"

"நிக்க வெக்கணும். அதுக்குத்தானே மண்டைய ஒடைச்சுண்டிருக்கேன்."

நிக்கவே நிக்காதா என்று அவன் கேட்டதும் அமுதம் சோற்று மூட்டையைக் கீழே வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். இருவருமே துறைமுகப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கப்பல் தெரியும்.

நிழலில் உட்கார்ந்து அவனுக்குச் சோற்றைப் பிசைந்து கொடுத்தாள். இரண்டு வாய் இறங்கியதும் அவன் கம்பத்தில் தொங்கும் வயர்களைக் காட்டினான். "எம் பக்கத்துல ஒரு கொறையும் கெடையாதுளா. பவர்ஹவுஸ்ல இருந்து மூணு லைன் வருது. ரெட்டுல ஒரு கேமரா, எல்லோவுல ஒன்னு, புளூவுல ஒன்னுன்னு பிரிச்சுக் குடுத்திருக்கேன். ஒரே லைன்ல ஏத்துனா பாரம் தாங்காது. நம்ம ஊரு டீசல் இன்ஜின் சும்மாவே இருமும்."

தீவு வயர்மேன் எவனும் அப்படித்தான் செய்வான். வீடானாலும் விழாவானாலும் பாரத்தை மூன்று லைனுக்கும் பங்கு வைப்பான். அதுதான் கேடு என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

கிருஷ்ணமூர்த்திக்குத் தெரிந்தது. அடைக்கலசாமி ஃபியூஸ் கட்டை எடுத்துவரப் பவர்ஹவுசுக்கு சைக்கிளை மிதித்த பிறகு, அவர் கேமராக்களின் வயரைத் தடவிக்கொண்டே கம்பம் வரைக்கும் நடந்தார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று இடத்தில் போய்ச் சேருவதைப் பார்த்ததும் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். இந்தப் பழைய கேமராக்கள் கரண்ட்டின் துடிப்பிலிருந்தே தாளம் எடுத்துக்கொள்ளும் சாதி. மூன்றையும் ஒரே லைனில் மாட்டினால் போதும், தாளப் பெட்டியே வேண்டாம். அந்த லைனில் இருக்கிற விளக்குகளை மற்ற இரண்டுக்கும் தள்ளிவிட்டால் பாரமும் தாங்கும். சின்ன வேலை.

அதே நேரத்தில்தானா அந்த ஜே.ஈ. ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி ஆரனை அமுக்க வேண்டும்? கெஸ்ட் ஹவுசில் ஜே.ஈ.க்கு மேலே உள்ள பெரிய சாப் காத்திருக்கிறாராம், சாப்பாடு ஆறுகிறதாம், நாளைய ஏற்பாட்டை நேரில் சொல்ல வேண்டுமாம். கிருஷ்ணமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். தமிழ் தெரிந்த முகமாக நிழலில் அமுதம் இருந்தாள்.

"நீங்க வயர்மேன் சம்சாரம்தானேம்மா? அவர் வந்ததும் சொல்லிடுங்கோ. மூணு கேமராவும் ஒரே ஃபேஸ்ல இருக்கணும். அவ்வளவுதான், வேற ஒன்னும் வேணாம். நான் வந்து பாக்கறேன்."

"ஒரே பேஸ்ல இருந்தாப் படம் நின்னுருமா சார்?"

"ஜம்முன்னு நிக்கும்."

மாதாவே, அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. ஒரே பேஸ், ஒரே பேஸ் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவர் சொன்ன பேஸ் கரண்ட்டு பேஸ். ஆனால் அடைக்கலசாமி ஒருநாளும் வீட்டில் பேஸ் என்று சொன்னதில்லை. அவனுக்கு எல்லாம் லைன். ரெட் லைன் போச்சு, புளூ லைன் வந்துச்சு என்பான். அமுதத்துக்குத் தெரிந்த பேஸ் ஒன்றே ஒன்றுதான். அபர்தீன் பஜாரில் வாங்கின பேஸ் பவுடர். டப்பாவில் ஒரு பெண்பிள்ளை முகம் இருக்கும். பேஸ் என்றால் மூஞ்சி. இதுகூடத் தெரியாமலா கன்னியாஸ்திரிகளிடம் மூன்றாவது வரை படித்தாள்?

அடைக்கலசாமி சைக்கிளைச் சாய்க்கும் முன்பே ஓடிப் போனாள். ஏழு மாச வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"இங்கேருங்க, இன்ஜினியர் சொல்லிட்டுப் போயிருக்காரு. மூணு கேமராவும் ஒரே மூஞ்சியப் பாக்கணுமாம். பாத்தா ஜம்முன்னு நின்னுருமாம்."

"ஒரே மூஞ்சியவா?"

"ஆமா. வேற ஒன்னும் வேண்டாம்னாரு. ரெண்டு தடவ கேட்டுட்டேன்."

அடைக்கலசாமி கேமராக்களைப் பார்த்தான். ஒன்று மேடைக்கு, ஒன்று மைதானத்துக்கு, ஒன்று கடலுக்கு. அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "அட ஆமா! ஒன்னு தரையப் பாக்குது, ஒன்னு தண்ணியப் பாக்குது. மாத்துனா உருளாம என்ன செய்யும்? மூணும் ஒன்னையே பாத்துட்டு இருந்தா எதுக்குத் தடுமாறப் போவுது?" என்றான். இருக்கிற இடத்திலிருந்து மூன்றுக்கும் ஒரே மூஞ்சி தெரியாது, பரணையெல்லாம் பிடுங்கி மேடையைச் சுற்றி நட வேண்டும் என்று பழனிசாமியிடம் சொன்னதும் அவர் தலையில் கை வைத்தார்.

"ஏம்ப்பா, நெனச்சா நகத்துறதுக்குக் கட்டிலா அது? மூணும் படாக் தூணுப்பா. தரையில முழங்கால் அளவு எறக்கிக் கெட்டிச்சிருக்கேன்."

"எம் பொண்டாட்டியப் பாருங்கண்ணே. இன்னைக்குக் கப்பல விட்டா எங்க கதி அதோகதி."

பழனிசாமி அமுதத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். "சலோ பாய்லோக்!" என்று கத்தினார்.

பிறகு நடந்த வேலையை என்னவென்று சொல்ல. கேமரா ஒவ்வொன்றும் தையல் மெஷின் கனம். அவற்றை இறக்கிச் சாக்கில் சுற்றி வைத்தார்கள். பரண் கால்களைக் கடப்பாறையால் நெம்பினார்கள். படாக் லேசில் அசையுமா? ராஞ்சி ஆட்கள் பாட்டோடு சேர்த்து இழுத்தார்கள். பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் கால் வழுக்க, தகரத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு புதுக் குழி தோண்டினார்கள். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் நின்றது. அடைக்கலசாமி வயரைச் சுருட்டி மறுபடி விரித்தான். கேமரா எங்கே போனாலும் பழைய கணக்கு மாறாமல் ரெட்டுக்கு ஒன்று, எல்லோவுக்கு ஒன்று, புளூவுக்கு ஒன்று என்று ஒழுங்காக மாட்டினான்.

அமுதம் சும்மா இருக்கவில்லை. தேங்காய்ச் சிரட்டையில் எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கப்பலுக்குக் கட்டிய சோற்றை உருண்டை உருண்டையாக அவர்கள் கையில் வைத்தாள். கீழே ஜெட்டியில் கிரேன் ஏறி இறங்குவது தெரிந்தது. "ஜல்தி, அண்ணா, ஜல்தி" என்று கெஞ்சினாள். அவர்களும் பாவம், யாருக்காகவோ மாடு மாதிரி உழைத்தார்கள்.

ஒருவழியாக மூன்று பரணும் மேடையைச் சுற்றி இடம், வலம், எதிர் என்று நின்றன.

"மூஞ்சிக்கு எங்கப்பா போறது? நாளைக்கில்ல அதிகாரி வர்றாரு. இப்ப எதக் காட்டி டெஸ்ட் பண்ணுவ?" என்றார் பழனிசாமி.

அடைக்கலசாமி பெண்சாதியைப் பார்த்தான். "நீயே போயி உக்காருளா."

"நானா? இந்த வயித்தோடயா?"

"மூஞ்சிதானளா தெரியும். போ. நேரமில்ல."

அவள் மேடை ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று கண்ணாடிக் கண்ணும் அவளையே பார்த்தன. எதிரே இருந்த டி.வி. பெட்டியில் தன் முகத்தைக் கண்டதும் அவளுக்குச் சுரீர் என்றது. இத்தனை கறுத்துப்போயா இருக்கிறேன்? மழை விட்டிருந்ததால் பஜாருக்குப் போன சனமெல்லாம் கூடிவிட்டது. பெங்காலிகள், தெலுங்குக்காரர்கள், மலையாள மாப்ளாக்கள், எல்லாரும் பெட்டியைப் பார்ப்பதும் மேடையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். "அரே, வயர்மேன் கா பீவி!" என்று வயர்மேன் பெண்சாதியை அடையாளம் கண்டுகொண்டான் ஒருவன்.

அடைக்கலசாமி பொத்தானை அமுக்கினான். அவள் முகம் உருண்டது. நெற்றி கீழே போய், தாடை மேலே வந்து, உருண்டு உருண்டு நின்றது. மறுபடி அமுக்கினான். மறுபடி உருண்டது.

"சேசுவே" என்று அவன் முனகியது மேடை வரைக்கும் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் நேராப் பாக்கட்டுமா? தலையச் சாய்க்கட்டுமா?" என்று அவள் அங்கிருந்தே கத்தினாள். மூஞ்சியைக் கோணாமல் வைத்துக்கொண்டால் நின்றுவிடும் என்று நினைத்தாள், பாவி. இடம் திரும்பிப் பார்த்தாள், வலம் திரும்பிப் பார்த்தாள். மூச்சை அடக்கிக்கூடப் பார்த்தாள். கண் இமைக்காமல் இருந்ததில் தண்ணீர் வழிந்ததுதான் மிச்சம்.

அப்போது சாத்தத்திலிருந்து கப்பல் முதல் சங்கை ஊதியது.

ஜீப் வந்து நின்றது. இறங்கிய கிருஷ்ணமூர்த்தி மைதானத்தைப் பார்த்துவிட்டு, தப்பான ஊருக்கு வந்துவிட்டவர் போல விழித்தார். "என்னய்யா இது? யாரு பரணையெல்லாம் பேத்தது?"

"நீங்கதான சார் ஒரே மூஞ்சியப் பாக்கணும்னு சொல்லிட்டுப் போனிய."

"மூஞ்சியா? நான் எங்கய்யா மூஞ்சின்னேன்? ஃபேஸ்! கரண்ட் ஃபேஸ்! மூணையும் ஒரே ஃபேஸ்ல மாட்டச் சொன்னேன்!"

அடைக்கலசாமி மெதுவாக மேடைப் பக்கம் திரும்பினான்.

"ஏளா, அமுதம். பேஸுன்னா சொன்னாரு?"

"ஆமா, பேஸுன்னுதான் சொன்னாரு."

"அத அப்படியே சொல்லியிருக்கக் கூடாதாளா?"

"உங்களுக்குப் புரியணும்னுதான நா..." எது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் கெடுத்தது தன் வாய்தான் என்பது மட்டும் விளங்கிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். குறட்டை எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு ஓடினான். மஞ்சளில் இருந்ததைப் பிடுங்கினான், நீலத்தில் இருந்ததைப் பிடுங்கினான், இரண்டையும் சிவப்பில் மாட்டினான். சிவப்பிலிருந்த விளக்கு வரிசையை மஞ்சளுக்குத் தள்ளினான். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் வேலை. இதற்கா ஒரு பகல் பூராவும் சேற்றில் புரண்டார்கள்?

இரண்டாவது சங்கு ஊதியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு சந்திரமதி ஓடிவந்தாள். சேலை முழங்கால் வரை சேறு. "அமுதம்! அடியே அமுதம்! ஏணியத் தூக்கிட்டாய்ங்கடி! கால்ல விழுந்து பாத்தேன், கேக்கல. பெட்டிய எறக்கி ஓரமா வச்சுட்டு வந்தேன். இங்க என்னடி உக்காந்து நாடகம் பாத்துக்கிட்டு இருக்க?"

அமுதம் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எழுந்துக்காதீங்கோம்மா! ஒரு நிமிஷம், அப்படியே!" என்று கிருஷ்ணமூர்த்தி கத்தினார். அவர் பொத்தானை அமுக்கினார். எதிர்க் கேமராவில் அவள் முகம். அடுத்ததை அமுக்கினார். இடப்பக்கத்து முகம், ஒரு சிலிர்ப்பில்லை. அடுத்தது. வலப்பக்கத்து முகம். உருளவில்லை, ஆடவில்லை. கல்லில் வெட்டி வைத்தது போல நின்றது.

"நின்னுடுத்து! ஜம்முன்னு நின்னுடுத்து!" மனுசன் சந்தோசத்தில் பொத்தான்களை மாற்றி மாற்றி அமுக்கினார். சனம் கை தட்டியது. விசில் பறந்தது. ஜே.ஈ. சாப் அடைக்கலசாமியின் முதுகில் ஓங்கித் தட்டினார். "சாபாஷ்! பிக்சர் சீதா ஹோ கயா. அப் தும் ஜா சக்தா ஹை. ஜாவ், ஜாவ்."

இப்போது நீ போகலாம் என்று மனதாரத்தான் சொன்னார். அடைக்கலசாமி குறட்டைக் கையில் வைத்துக்கொண்டே துறைமுகப் பக்கம் திரும்பினான்.

கப்பல் மூன்றாவது சங்கையும் ஊதிவிட்டு நகர்ந்தது. அமுதத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று இடப்பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு கேமரா. நாலு பெட்டியிலும் அவள் அழுகிற முகம் நேராகத் தெரிந்தது. வலப்பக்கம் திரும்பினாள். அங்கே ஒன்று. குனிந்தாள், எதிரே இருந்தது பிடித்துக்கொண்டது. கிருஷ்ணமூர்த்தி பொத்தானை அமுக்க அமுக்க, எந்தப் பக்கம் போனாலும் விடாமல் அவளே நாலு பெட்டியிலும் இருந்தாள். கடைசியில் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஷர்மா ரஹி ஹை!" என்றான் கூட்டத்தில் ஒருவன். "வெக்கப்படுதுடோய்!" என்று இன்னொருவன் தமிழில் சொன்னான். மைதானமே சிரித்து மறுபடியும் கை தட்டியது.